ஜன்னல் வழியே வந்த பிள்ளை

பஸ் பரவையைத் தாண்டும்போதுதான் கிர்ஸ்டனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மடியில் இருக்கிற இந்தக் குழந்தை யாருடையது?

சமயநல்லூரில் அவள் ஏறி உட்கார்ந்த கையோடு, பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் ஜன்னல் வழியே ஒரு பெண் குழந்தையை உள்ளே நீட்டி, அவள் மடியில் வைத்துவிட்டு மறைந்துபோயின. அப்போது அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. மதுரைப் பக்கம் வந்த ஆறு மாதத்தில், பஸ்ஸில் இடம் போடுகிற கலையை அவள் நன்றாகவே பார்த்திருந்தாள். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், மஞ்சள் பை விழும், ஒரு தடவை கால் கட்டிய சேவல்கூட விழுந்தது. கையில் போடுவதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் பிள்ளையைப் போடுவார்கள். பிறகு வாசல் வழியாக முட்டி மோதி ஏறி வந்து, "இது நாங்க போட்ட எடம்" என்பார்கள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கிர்ஸ்டனின் ஊர் டென்மார்க். அங்கே பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். வந்த புதிதில் சமயநல்லூர் நிறுத்தத்திலும் வரிசையில்தான் நின்றாள். வரிசையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அன்றைக்கு ஒன்பது பஸ் போயிற்று.

சரி, இடம் போட்ட தாய் ஏறி வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள் என்று இருந்தாள். பரவையும் போய்விட்டது, யாரும் வரவில்லை. குழந்தைக்கு மூன்று வயது இருக்கலாம். எண்ணெய் வைத்துப் படிய வாரி, சிவப்பு ரிப்பன் கட்டி, கன்னத்தில் பொட்டு வைத்து, திருவிழாவுக்குப் போகிற மாதிரி கவுன் போட்டிருந்தது. அழவில்லை. அதுதான் கிர்ஸ்டனுக்கு உதைத்தது. அவள் வேலை பார்க்கிற பால்வாடிக்கு முதல் நாள் வருகிற பிள்ளைகள் எப்படி ஊரைக் கூட்டும் என்று அவளுக்குத் தெரியாதா? இது பாட்டுக்குக் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து பஸ்ஸைப் பார்த்துக் கேட்டாள்.

"இது யாரு பாப்பா? பாப்பாவோட அம்மா எங்க இருக்கு? சமத்தா கையத் தூக்கு!"

கிர்ஸ்டனின் தமிழைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சமயநல்லூருக்கு மேற்கே ஒரு மைலில் இருக்கும் கிராமத்துப் பால்வாடியில், சம்பளம் வாங்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். தாய்மார்கள் விடியுமுன் களை எடுக்கப் போய்விடுவார்கள், இருட்டினால்தான் வருவார்கள். ஒருத்தி முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. ஆகவே அவள் தமிழ் படித்தது முழுக்க முப்பத்திரண்டு பிள்ளைகளிடம். இருபத்துமூன்று வயதுப் பெண், நாலு வயதுப் பிள்ளையின் தமிழை, சொல் சுத்தமாகப் பேசினாள். பெரியவர், சிறியவர் எல்லாரும் அவளுக்கு 'நீ'தான்.

பஸ்ஸில் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பெண்கள் அத்தனை பேர் கையிலும் பச்சை வளையல்தான் இருந்தது.

பின் சீட்டில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "கலவரப்படாதீக டீச்சர். எறங்கயில வந்து வாங்கிக்கிருவாக" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. கிர்ஸ்டன் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இன்றைக்கு வேறு கவலை இருந்தது. பையில் ஒரு கடிதம். ஆறு மாதத் தவணை முடிந்து ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள், இந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் அவர்களை அனுப்பி வைத்த தொண்டுச் சங்கத்தின் ஒத்தக்கடை ஆபீசில் கடிதத்தைக் கொடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு வருஷம்! எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனி வெயிலில் அந்த வார்த்தையை நினைத்தாலே அவளுக்கு இரண்டு மடங்கு வியர்த்தது. பையில் இன்னொரு கடிதமும் இருந்தது, அவள் அம்மா எழுதியது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம் துளிர்க்கப் போகிறதாம். அந்தக் கடிதத்தை அவள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். படித்துப் படித்து மடிப்பில் கிழிந்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம் பிள்ளைகள் எல்லாம் தூங்கும்போது அதைப் படித்து அழுதுகொண்டிருந்தாள். ராமக்காள் என்கிற ஐந்து வயதுக்காரி மட்டும் விழித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏன் டீச்சர் அழுவுற?"

"எனக்கு அம்மா வேணும்."

ராமக்காள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அம்மா வேலைக்குப் போயிருக்கு. சாயங்காலம் வந்துரும். அழுவக் கூடாது." கிர்ஸ்டன் தினமும் அவர்களுக்குச் சொல்கிற ஆறுதல்தான் அது.

"இல்ல ராமக்கா. எங்க அம்மா வராது. நாந்தான் அம்மாகிட்டப் போகணும். சனிக்கிழமை போயிச் சொல்லப் போறேன்."

அந்தச் சனிக்கிழமைதான் இது.

பெரியார் பஸ் நிலையத்தில் எல்லாரும் இறங்கினார்கள். குழந்தையை யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் காசிமாயன் காலி பஸ்ஸில் கடைசி ஆளாக நின்ற கிர்ஸ்டனைப் பார்த்தான்.

"எறங்குங்கம்மா. ஒங்க புள்ளையவும் தூக்கிக்கிருங்க."

"இது என் பாப்பா இல்ல."

காசிமாயன் வெள்ளைக்காரியைப் பார்த்தான், குழந்தையின் கருகருவென்ற நிறத்தைப் பார்த்தான். "சரி, அதுவும் நியாயந்தேன். அப்ப யாரு புள்ள?"

"தெரியாது. நீ வச்சுக்க."

"நானா? எனக்கு வீட்டுல அஞ்சு கெடக்கு தாயி! டைம் கீப்பர்கிட்டக் குடுங்க."

டைம் கீப்பர், போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கூடைக்காரி பின்னாலேயே நின்றிருந்தாள். "போலீசுல எழுதி முடிக்கவே மூணு மணி ஆயிரும் டீச்சர். புள்ளையப் பெத்தவ சமயநல்லூருல பஸ்ஸத் தவற விட்டுட்டு நிப்பா. ஒங்க சோலிய முடிச்சிட்டு, திரும்பையில கொண்டு போயிக் குடுத்துருங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மணி பத்தேகால்.

"நான் ஒத்தக்கடை போகணும்."

"நானும் அங்கிட்டுத்தேன் போறேன். வாங்க" என்றாள் கூடைக்காரி.

ஒத்தக்கடை பஸ்ஸின் கண்டக்டர் அழகுமலை கொஞ்சம் கறார். கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"புள்ளைக்கு எம்புட்டு வயசு?"

"தெரியாது."

"பேரு?"

"தெரியாது."

"ஒங்க புள்ளதானம்மா?"

"இல்ல. ஜன்னல்ல வந்துச்சு."

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பினார். "வெள்ளக்காரவுக புள்ளைகளத் தூக்கிட்டுப் போயிக் கப்பல்ல ஏத்திருவாகளாம். நாங் கேள்விப்பட்டிருக்கேன்."

"போலீஸ் டேசனுக்கு விடுங்கண்ணே வண்டிய" என்றது ஒரு குரல்.

கிர்ஸ்டனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு மாதமாகச் சளி துடைத்து, சோறு ஊட்டி, பேன் பார்த்தவளுக்கு இந்தப் பேரா? தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய வசவை எடுத்தாள். "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்! நான் ஒங்கூடக் காய்! ஒங்கூடவும் காய்! பஸ்ஸுகூடவே காய்!" என்று சுண்டுவிரலை நீட்டினாள்.

அவளுக்கு முன்னால் கூடைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். "யோவ், வாயக் கழுவு! யாரப் பாத்து என்ன பேசுற? எங்க ஊருப் புள்ளைக மூத்திரத் துணியக் கூசாம அலசிப் போடுற மகராசி அவுக! இன்னொரு வார்த்தை வந்துச்சு, வெள்ளரிப்பிஞ்ச வாயில வச்சுத் திணிச்சுருவேன்!"

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழகுமலை டிக்கெட்டைக் கிழிக்க மறந்து முன்னால் போய்விட்டார்.

ஊரை விட்டு வெளியே வந்து, மேலூர் ரோட்டுப் புளிய மரங்கள் ஆரம்பித்ததும், குழந்தை மடியில் நெளிந்தது. அந்த நெளிவின் அர்த்தம் பால்வாடி டீச்சருக்குத் தெரியாமல் போகுமா? எழுந்து நின்று, பிள்ளைகள் அவளிடம் கத்துகிற அதே ராகத்தில் கத்தினாள்.

"ஒண்ணுக்கு! அவசரமா ஒண்ணுக்கு! வந்துருச்சு!"

டிரைவர் போட்ட பிரேக்கில் நின்றவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் விழுந்தார்கள்.

"அய்யோ பாவம், வெளிநாட்டுப் பொம்பள. எங்கிட்டுப் போகும்?" என்று ஐந்து பெண்கள் கூடவே இறங்கி, ஒரு புளிய மரத்தடியில் சேலையைப் பிடித்துக் கிர்ஸ்டனைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். "எனக்கு இல்ல! பாப்பாக்கு!" என்று உள்ளேயிருந்து கிர்ஸ்டன் கத்தினாள். "வெக்கப்படாதீகம்மா, நாங்க பாக்கல" என்றார்கள் அவர்கள்.

ஒருவழியாகக் குழந்தையின் வேலை முடிந்தது. ஆனால் கைகால் கழுவாமல் வருவதா? அது பால்வாடிச் சட்டம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வயல் பம்புசெட்டுக்கு ஓடினாள். ஐந்து பெண்கள் ஏறியதைப் பார்த்த அழகுமலை, எல்லாரும் ஏறியாயிற்று என்று விசில் கொடுத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது ரோட்டில் பஸ் இல்லை. பஸ்ஸில் அவள் பை இருந்தது. பையில் கடிதம் இருந்தது.

கூடைக்காரி மட்டும், எப்போது இறங்கினாளோ, மரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"நீ ஏன் போகல?"

"ஒங்கள விட்டுட்டு எப்படி டீச்சர் போறது? இங்கனயே நிப்போம். ஒத்தக்கடை போயி அதே வண்டிதேன் திரும்பும். பையக் குடுத்துருவாக. நாம பின்னால போனா, அது முன்னால வந்துரும்."

இதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இந்தப் பெண்மணி சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தான் மட்டும் ஏன் ஒத்தக்கடைக்குப் போய்ச் சேரவே இல்லை என்று கிர்ஸ்டனுக்கு விளங்கவில்லை. மணி பதினொன்று தாண்டியிருந்தது.

புளிய மரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். கூடைக்காரி வெள்ளரிப்பிஞ்சு ஒடித்துக் கொடுத்தாள். குழந்தைக்கும் ஊட்டினாள், முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். ஆனால் 'கொண்டாங்க, செத்த நேரம் நான் வச்சிருக்கேன்' என்று மட்டும் அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்கள்கூடக் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்கிற ஊர் இது. கிர்ஸ்டனின் இடது தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

"ஒத்தக்கடையில என்ன சோலி டீச்சர்?"

"நான் வீட்டுக்குப் போறேன்னு பேப்பர் குடுக்கணும்."

"ஊருல அம்மா மட்டுமா இருக்காக?"

"ஆமா. அம்மா மட்டும். ஜன்னல்கிட்ட நாக்காலி போட்டு உக்காந்துருக்கு."

"ஒக்காந்து என்ன செய்வாக?"

"ரோட்டப் பாக்கும். நான் வர்றேனான்னு பாக்கும்."

கூடைக்காரி அடுக்கி வைத்திருந்த வெள்ளரிப்பிஞ்சுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். "பெத்தவ மனசு அம்புட்டுத் தூரத்துக்கும் வந்து இழுக்கும்ல" என்றாள், கூடையைப் பார்த்துக்கொண்டே.

கிர்ஸ்டனுக்கு அழுகை வந்தது. அம்மாவின் அடுப்பு வாசம், ஈரக் கோட்டு மாட்டும் ஆணி, அவள் நாற்காலி, எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டியிருந்தன. அவள் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் மணந்தது.

பன்னிரண்டேகாலுக்கு அழகுமலையின் பஸ் திரும்பி வந்தது. படிக்கட்டில் தொங்கியபடியே பையை நீட்டினார். "ஒரு சாமானும் போகல. நல்லாப் பாத்துக்கிருங்கம்மா." பிறகு பஸ் நகரும்போது, மீசையில் சிரிப்போடு இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினார். "பழம்!"

"பழம்!" என்று கிர்ஸ்டனும் விரலை நீட்டினாள்.

அடுத்த ஒத்தக்கடை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, இறங்கி ஓடி, ஆபீசுக்குள் நுழையும்போது மணி ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். கூடைக்காரி வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள். குமாஸ்தா சின்னச்சாமி நோட்டை மூடப் போனவர், திறந்தார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் போயிருந்தா அடுத்த வருசந்தேன். புள்ளையக் கீழ விட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா."

கிர்ஸ்டன் குழந்தையைத் தரையில் உட்கார வைத்தாள். கடிதத்தை மேஜையில் வைத்தாள். பேனாவை வாங்கினாள்.

அப்போது கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

காலையிலிருந்து வாயே திறக்காத குழந்தை, தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தது. டேனிஷ் பாட்டு. கிர்ஸ்டன் சின்னவளாக இருந்தபோது, குளிப்பாட்டிவிட்டு ஒவ்வொரு விரலாகத் துடைக்கையில் அவள் அம்மா தானாகவே கட்டிப் பாடிய பாட்டு. உலகத்தில் அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது தெரியும். பிறகு, தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவும்போது, பால்வாடியின் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தப் பிள்ளை பால்வாடிக்கே வராத பிள்ளை. ஆனாலும் கட்டை விரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரல் வரை, மதுரை ராகத்தில், தப்பும் தவறுமாக முழுசாகப் பாடியது.

அப்படியானால் ஏதோ ஒரு வீட்டில், ராத்திரிச் சோற்றுக்கு முன்னால், ஒரு அக்கா தங்கையின் விரலைப் பிடித்துத் கிர்ஸ்டனுடைய அம்மாவின் பாட்டைப் பாடுகிறாள்.

கிர்ஸ்டன் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள்.

"போடுங்கம்மா. மணி ஆகுது" என்றார் சின்னச்சாமி.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கடிதத்தை எடுத்து மடித்தாள். சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லத் தெரியாமல் கொஞ்சம் திண்டாடிவிட்டு, கடைசியில், கூட்டிப்போக வந்தவர்களிடம் பிள்ளைகள் சொல்வதையே சொன்னாள்.

"நான் வீட்டுக்குப் போகல. இன்னுங் கொஞ்ச நேரம் வெளாடிட்டு வாரேன்."

சின்னச்சாமி வேலையில் சேர்ந்த நாளாக இப்படி ஒரு காரணத்தைக் கேட்டதில்லை. இருந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தவளின் முகத்தைக் கூடைக்காரி உற்றுப் பார்த்தாள். "குடுத்துட்டீகளா டீச்சர்?"

"இல்ல."

கூடைக்காரி சட்டென்று திரும்பி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலில் கண் கூசுகிறது என்றாள். வேப்ப மர நிழலில்தான் நின்றிருந்தாள்.

மறுபடி இரண்டு பஸ் மாறி, சமயநல்லூரில் இறங்கும்போது நாலு மணி. ரோட்டோரத்தில் அழுது வீங்கிய முகத்தோடு எந்தத் தாயும் நிற்கவில்லை. கிர்ஸ்டன் டீக்கடையில் கேட்டாள், சைக்கிள் கடையில் கேட்டாள். பிள்ளையைக் காணோம் என்று இன்றைக்கு யாருமே தேடி வரவில்லை என்றார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் போட்ட பிள்ளையைச் சாயங்காலம் வரை தேடாத தாய் என்ன தாய்?

"பாப்பா, சமத்துல்ல? அம்மா எங்கன்னு காட்டு" என்று நூறாவது தடவையாகக் கேட்டபடி, குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

குழந்தை கட்டை விரலை வாயிலிருந்து எடுத்தது. கூடைக்காரியை நிமிர்ந்து பார்த்தது. அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், "ஆத்தா!" என்று ஓடிப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது.

கிர்ஸ்டனுக்கு டேனிஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கடைசியில் ஒரு வார்த்தை கிடைத்தது.

"நீயா?"

"நாந்தேன் டீச்சர். பேரு தங்கப்பொண்ணு. ராமக்காளுக்கும் ஆத்தா நாந்தேன்." அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பச்சை வளையல்கள் சத்தமிட்டன. "நீங்க ஊருக்குப் போகப் போறீகன்னு ராமக்கா வந்து அழுதா. மூத்தவளுக்கு நீங்க கெடச்சீக. இவளுக்கு ஆனியிலதேன் மூணு முடியுது, அதுக்கப்புறந்தேன் பால்வாடியில சேக்க முடியும்."

"அதுக்கு ஏன் ஜன்னல்ல போட்ட?"

தங்கப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வண்டி கெளம்புறதுக்குள்ள எதையாச்சும் போட்டுத்தான டீச்சர் எடம் பிடிக்கணும்? எங்கிட்டப் போடுறதுக்கு இவ மட்டுந்தேன் இருந்தா."